டாக்டர், அதையும் எழுதிடுங்களேன்!

கடைசியாக நீங்கள் பல் டாக்டரிடம் போனது எப்போது? அன்றைக்கு அவர் எந்தப் பல்லில் என்ன செய்தார் என்று எழுதிய தாள் இப்போது கையில் இருக்கிறதா? "ஏதோ சீட்டு கொடுத்தாங்க, மருந்துக் கடையிலேயே விட்டுட்டு வந்துட்டேன்" என்பதுதான் நம்மில் பலருடைய பதில். சரி, உங்களிடம் இல்லை. டாக்டரிடமாவது இருக்கிறதா?

என் பெரியப்பா விஷயத்தில் இந்தக் கேள்வி ஒரு நாள் ராத்திரி 11.30 மணிக்கு எழுந்தது. அன்று சாயங்காலம்தான் ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார். பஞ்சை எடுத்தால் ரத்தம். புதுப் பஞ்சு வைத்தால் அரை மணி நேரத்தில் அதுவும் நனைந்துபோகிறது. தலையணை உறையைப் பார்த்துப் பயந்துபோய்த்தான் பெரியம்மா எங்களைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுறாரா?" பெரியம்மா சொன்னார்: "பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, அப்புறம் நெஞ்சுக்குச் சின்னதா ரெண்டு மாத்திரை." நான் வீட்டுக்கு ஓடி, மாத்திரை அட்டைகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அந்தச் சின்ன மாத்திரைகள் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்தவை. இரண்டுமே ரத்தம் சீக்கிரம் உறையாமல் பார்த்துக்கொள்பவை.

பல் கிளினிக் கொடுத்த சீட்டில் தேதி இருந்தது, மூன்று மாத்திரையின் பெயர் இருந்தது, ஒரு கையெழுத்து இருந்தது. எந்தப் பல், மரத்துப்போக என்ன ஊசி, பி.பி. எவ்வளவு, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று ஒரு வரி இல்லை. கிளினிக் போன் அணைந்திருந்தது. தையல் போட்டு, பஞ்சை அழுத்திக் கடிக்கச் சொல்லி, விடியற்காலையில்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் கிளினிக்கில் போய்க் கேட்டபோது நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார்கள். பெரியப்பாவின் பெயரும் வாங்கிய பணமும் மட்டும் எழுதியிருந்தது.

பழியை டாக்டர் மேல் மட்டும் போட முடியாது. அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஆனால் அந்த நோட்டில் 'இப்போது சாப்பிடும் மருந்துகள்' என்று ஒரு கட்டம் இருந்திருந்தால், அதை நிரப்புவதற்காகவாவது அவர் கேட்டிருப்பார். நல்ல பதிவேட்டின் முதல் பயன் இதுதான். எழுதவேண்டிய இடம் காலியாக இருந்தால் கேட்கவேண்டிய கேள்வி நினைவுக்கு வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டுப் பல் பிடுங்கப் போகுமுன் அந்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. பல் டாக்டரிடம் சொன்னால் போதும். தையல் போடுவதா, இதய டாக்டரிடம் பேசிக்கொள்வதா என்று அவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வார்.

ஏன் எழுதுவதில்லை?

அரசு மருத்துவமனை ஓ.பி.யில் காலை நேரம் நின்று பார்த்திருப்பீர்கள். வரிசை வாசல் வரை நீளும். ஒருவருக்கு இரண்டு நிமிஷம் கிடைத்தாலே பெரிசு. அதில் நோயாளியைப் பார்ப்பதா, எழுதுவதா? தனியார் கிளினிக்கில் வேறு மாதிரி. அங்கே பெரும்பாலும் ஒரே டாக்டர். "எல்லாரையும் எனக்குத் தெரியும், முகத்தைப் பார்த்தாலே ஞாபகம் வந்துடும்" என்று நினைக்கிறார். நிஜமாகவே ஞாபகம் வரும், அவர் இருக்கும்வரை. அவர் வெளியூர் போயிருக்கும் நாளில்தான் நமக்குப் பிரச்சினை வருகிறது.

இன்னொரு காரணம் உண்டு. அது நம் பக்கத்தில் இருக்கிறது. எழுதினாலும் எழுதாவிட்டாலும் நாம் ஒன்றும் கேட்பதில்லை. அடுத்து யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்த எழுத்து எந்த வேலையிலும் தேய்ந்துதான் போகும்.

யாராவது அடுத்துக் கேட்பார்கள் என்றால் நிலைமை எப்படி மாறுகிறது என்பதற்கு உதாரணம் தேடி வெளியே போகவேண்டாம். உங்கள் வீட்டிலேயே ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் தாய்–சேய் அட்டையை எடுத்துப் பாருங்கள். எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தடுப்பூசி, ஸ்கேன் தேதி எல்லாம் கட்டம் கட்டமாக நிரம்பியிருக்கும். கிராம சுகாதார செவிலியர் எழுதியதை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் பார்க்கிறார். அவர் எழுதியதைப் பிரசவ வார்டில் பார்க்கிறார்கள். பிக்மி இணையதளத்தில் பதிந்து கொடுக்கும் 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணைக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதும் கேட்கிறார்கள். ஒருவர் விட்டால் அடுத்தவர் "ஏன் எழுதலை?" என்று கேட்டுவிடுவார். நம் ஊரில் பதிவு வைக்கவே முடியாது என்பவர்களுக்கு அந்த ஒரு அட்டை போதும்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் சொல்லலாம். அமெரிக்காவில் 2010இல் பாஸ்டன், பென்சில்வேனியா, சியாட்டில் பகுதிகளில் 100க்கும் மேற்பட்ட குடும்ப டாக்டர்கள் ஒரு சோதனைக்கு ஒத்துக்கொண்டார்கள். தாங்கள் எழுதும் குறிப்பை நோயாளியே இணையத்தில் படிக்கலாம் என்று ஓராண்டுக்குத் திறந்துவிட்டார்கள். வேலை கூடும், வீண் கேள்வி வரும் என்ற பயம் முதலில் இருந்தது. ஆண்டு முடிந்து "வேண்டாம் என்பவர்கள் விலகிக்கொள்ளலாம்" என்றபோது ஒரு டாக்டர்கூட விலகவில்லை. கருத்துச் சொன்ன நோயாளிகளில் 99 சதவீதம் பேர் இது தொடரவேண்டும் என்றார்கள். 2021 ஏப்ரல் முதல் அந்த நாட்டில் அது சட்டமாகவே ஆகிவிட்டது.

டாக்டருக்கு இதில் என்ன லாபம்?

பெரியப்பா இப்போது வேறொரு பல் டாக்டரிடம் போகிறார். முதல் நாளே ஒரு பக்கப் படிவம் கொடுத்து, நிரப்பாமல் உள்ளே விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். அவரிடம் ஒருநாள் கேட்டேன், இவ்வளவு எழுத எப்படி நேரம் கிடைக்கிறது என்று. சிரித்தார். "நான் எங்க சார் எழுதுறேன்? பாதியை நோயாளி எழுதுறாங்க, மீதியை ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணு எழுதுது. பி.பி., அலர்ஜி, மாத்திரை இதுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சு வெச்சிருக்கேன். பல் படத்துல நான் ஒரு வட்டம் போட்டு நாலு வார்த்தை எழுதுவேன், அவ்வளவுதான். அடுத்த தடவை அவங்க வரும்போது எல்லாத்தையும் முதல்லேருந்து கேட்கிற நேரம் மிச்சம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு இன்னொன்றும் சொன்னார்: "ஒரு தடவை ஒருத்தர் 'தப்பான பல்லைப் பிடுங்கிட்டீங்க'ன்னு சண்டைக்கு வந்தார். நான் சரியாத்தான் செஞ்சேன். ஆனா காட்ட எங்கிட்ட ஒண்ணும் இல்லை. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை."

அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நுகர்வோர் ஆணையத்தின் முன் ஒரு வழக்கு வந்தால் முதலில் கேட்பது கேஸ் ஷீட்டைத்தான். நேர்மையாக வேலை செய்யும் டாக்டரைக் காப்பாற்றுவதும் அதுதான். ஆகவே "எழுதுங்க டாக்டர்" என்று நீங்கள் கேட்பது அவரைச் சந்தேகப்படுவது ஆகாது. இதை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் உங்கள் குரலும் தானாகவே இதமாகிவிடும்.

பண ரீதியான ஊக்கமும் இருக்கிறது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனில் சேர்ந்து, நோயாளிகளின் ஆபா எண்ணோடு இணைத்து டிஜிட்டல் பதிவு உருவாக்கும் மருத்துவமனைகளுக்கும் பரிசோதனைக் கூடங்களுக்கும் 2023 ஜனவரி முதல் ஓர் ஊக்கத்தொகைத் திட்டம் கொண்டுவரப்பட்டது. மாதத்துக்கு இத்தனை என்ற அடிப்படை அளவைத் தாண்டும் ஒவ்வொரு பதிவுக்கும் 20 ரூபாய் வரை, ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக 4 கோடி ரூபாய் வரை என்பது அதன் ஏற்பாடு. உங்கள் டாக்டர் இதைக் கேள்விப்படாமல் இருக்கலாம். கம்ப்யூட்டர் வைத்த கிளினிக் என்றால் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். பணத்தைவிட நோயாளிகள் கேட்கிறார்கள் என்பதுதான் பல டாக்டர்களை அசைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் 20 ரூபாயும் சும்மா இல்லை.

என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்?

டாக்டர் பேனாவை எடுக்கும்போதே சொல்லவேண்டும். எழுதி முடித்து மணியடித்த பிறகு சொன்னால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். உள்ளே போகும்முன் ஒரு துண்டுத் தாளில் மூன்று விஷயத்தை எழுதிக்கொண்டு போங்கள்: எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், இதுவரை என்ன ஆபரேஷன் நடந்திருக்கிறது. அதை மேஜையில் வைத்துவிட்டு, "டாக்டர், முன்னாடி ஒரு தடவை பென்சிலின் ஊசி போட்டு உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு. என் ஃபைல் மேல அதை எழுதிடுங்களேன்" என்று சொன்னால் எந்த டாக்டரும் மறுக்கமாட்டார். எழுதுவதற்குப் பத்து வினாடிதான்.

மருந்துச் சீட்டு புரியவில்லை என்றால் கூச்சப்படாதீர்கள். மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுதவேண்டும் என்று டாக்டர்களுக்கான நெறிமுறை விதியே சொல்கிறது. சீட்டிலும் ரசீதிலும் டாக்டரின் பதிவு எண் இருக்கவேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. "டாக்டர், மருந்துக் கடைக்காரர் தப்பாப் படிச்சிடப் போறார், கொஞ்சம் பெரிய எழுத்துல போட்டுக் கொடுங்க" என்று கடைக்காரர் மேல் போட்டுக் கேட்பது என் மாமியாரின் தந்திரம். இதுவரை தோற்றதில்லை.

உடம்புக்குள் ஒரு பொருளை வைத்தால், அதன் விவரம் எழுதிய அட்டையோ ஸ்டிக்கரோ இல்லாமல் வீட்டுக்கு வராதீர்கள். ஸ்டென்ட், பேஸ்மேக்கர், கண்புரை ஆபரேஷனில் வைத்த லென்ஸ், மூட்டு மாற்று, பல் இம்பிளான்ட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பெட்டியிலேயே அந்த ஸ்டிக்கர் வரும். ஒன்றை அவர்கள் ஃபைலில் ஒட்டுவார்கள், ஒன்றை உங்களுக்குத் தரச் சொல்லிக் கேளுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கலாமா என்பது எந்த மாடல் என்பதைப் பொறுத்தது. ஐந்து வருஷம் கழித்துப் பல் இம்பிளான்டின் திருகு தளர்ந்தால், எந்தக் கம்பெனி, என்ன அளவு என்று தெரியாமல் வேறொரு டாக்டரால் அதைச் சரியாகத் தொடக்கூட முடியாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் திருப்புளி வேறு.

பல்லுக்கு எண் உண்டு

பல் டாக்டர் சீட்டில் 36 என்று எழுதியிருந்தால் அது விலையல்ல, பல்லின் எண். வாயை நான்கு கால் பாகமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். உங்கள் வலது மேல்புறம் 1, இடது மேல்புறம் 2, இடது கீழ்ப்புறம் 3, வலது கீழ்ப்புறம் 4. ஒவ்வொரு பாகத்திலும் நடுவில் உள்ள முன்பல்லிலிருந்து பின்னோக்கி 1 முதல் 8 வரை எண்ணவேண்டும். ஆக, 36 என்றால் இடது கீழ்ப்புறத்தில் ஆறாவது பல், அதாவது முதல் பெரிய கடைவாய்ப் பல். பால் பற்களுக்கு 51இலிருந்து எண் தொடங்கும்.

இது எஃப்.டி.ஐ. முறை. நம் ஊரில் பெரும்பாலும் இதைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அமெரிக்காவில் 1 முதல் 32 வரை வரிசையாக எண்ணும் வேறு முறை இருக்கிறது. நம் முறையில் 18 என்றால் வலது மேல் ஞானப்பல். அங்கே 18 என்றால் இடது கீழ்க் கடைவாய்ப் பல். ஒரே எண், வாயின் எதிரெதிர் மூலைகள்! வெளிநாட்டில் சிகிச்சை தொடங்கி இங்கே முடிக்கிறவர்கள், இங்கே தொடங்கி அங்கே போகிறவர்கள், எண்ணோடு 'இடது கீழ், முதல் கடைவாய்ப் பல்' என்று வார்த்தையிலும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

வேர் சிகிச்சை செய்திருந்தால் அதன் முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே படம், எத்தனை கால்வாய் அடைத்தார்கள், மேலே போட்ட கேப் என்ன வகை என்ற மூன்றும் வேண்டும். இப்போது பல கிளினிக்குகளில் எக்ஸ்ரே கம்ப்யூட்டரில்தான் வருகிறது. திரையை போனில் படம் எடுத்தால் மங்கிவிடும். "ஃபைலாவே மெயில் பண்ணிடுங்க" என்று கேளுங்கள்.

நாம் சொல்லவேண்டியவையும் இருக்கின்றன. எலும்புத் தேய்மானத்துக்கோ, புற்றுநோய் எலும்புக்குப் பரவியதற்கோ ஸோலெட்ரானிக் ஆசிட் போன்ற ஊசி போட்டவர்கள் அதைப் பல் டாக்டரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். அவர்களில் சிலருக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும். எலும்புத் தேய்மானத்துக்கு வருஷத்துக்கு ஒருமுறை போடும் ஊசி என்பதால் பலர் அதை 'மருந்து' கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இதய வால்வு மாற்றியவர்களும் சொல்லவேண்டும். சில பல் சிகிச்சைகளுக்கு முன் அவர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள்.

கொடுக்க மறுத்தால்?

2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் டாக்டர் பாதுகாக்கவேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால், கேட்டதற்கு ஒப்புகை கொடுத்து, 72 மணி நேரத்துக்குள் நகல் தரவேண்டும். தராமல் மறுப்பது தொழில் ஒழுங்கீனம். பல் டாக்டர்களுக்கு 2014இல் வந்த நெறிமுறை விதிகளும் 3 ஆண்டு, 72 மணி நேரம் என்றே சொல்கின்றன. அதிலே ஒரு விசேஷம், வெளிநோயாளியின் பதிவையும் வைத்திருக்கவேண்டும் என்று தெளிவாகவே இருக்கிறது. பல் சிகிச்சையில் முக்கால்வாசிப் பேர் வெளிநோயாளிகள்தானே!

வீடியோ காலிலோ வாட்ஸ்அப்பிலோ டாக்டரைப் பார்த்தால்? 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, டாக்டர் அந்த உரையாடலின் பதிவையும் வைத்திருக்கவேண்டும். கையெழுத்திட்ட மருந்துச் சீட்டின் படத்தை உங்களுக்கு அனுப்பவும் வேண்டும். "அந்த மாத்திரையையே போடுங்க" என்ற வாய்ஸ் மெசேஜை மட்டும் வைத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போகாதீர்கள்.

டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகு பதிவு தேவைப்பட்டால் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கேட்டாலே போதும். காரணம் சொல்லவேண்டியதில்லை. இப்படி எழுதலாம்: 'நான் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை தங்கள் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தேன். என் ஐ.பி. எண் இது. என் டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவை சிகிச்சைக் குறிப்பு, பரிசோதனை முடிவுகள், செவிலியர் குறிப்பு, எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் ஆகியவற்றின் நகல்கள் வேண்டும்.' தேதி, கையெழுத்து, போன் எண் போட்டு இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் நேரமும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 72 மணி நேரம் எப்போது தொடங்கியது என்பதற்கு அதுதான் சாட்சி. நகல் எடுக்கும் செலவைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள், ரசீதும் வாங்குங்கள். பெரிய மருத்துவமனைகளில் இதற்கென்றே மருத்துவப் பதிவேடுகள் பிரிவு இருக்கும், நேராக அங்கே போகலாம்.

அரசு மருத்துவமனையில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு கொடுக்கலாம். பதில் தர 30 நாள் அவகாசம். முதல்வரின் உதவி மையம் 1100இலும் சொல்லலாம். தனியார் மருத்துவமனை, கிளினிக் என்றால் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. பல் கிளினிக்கும் அதன்கீழ் பதிவு செய்யவேண்டும். அதற்கான அலுவலகம் உங்கள் மாவட்டத்து மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். டாக்டரின் நடத்தை பற்றிய புகார் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் அல்லது தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில். நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம்தான் என்பதால் பதிவைக் கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதெல்லாம் கடைசி வழி. பெரும்பாலும் அந்த வெள்ளைத் தாளோடு வேலை முடிந்துவிடும். விதியை முதல் வரியிலேயே எடுத்துக் காட்டி மிரட்டினால், அடுத்த முறை அதே டாக்டரிடம் போகவேண்டியவர்களும் நாம்தான்.

உங்கள் போனில் என்ன இருக்கவேண்டும்?

ஆபா எண் 14 இலக்கம் கொண்டது. ஆதாருக்கு வரும் ஓ.டி.பி.யை வைத்து, ஆபா செயலியில் சில நிமிஷங்களில் எடுத்துவிடலாம். கட்டணம் இல்லை, கட்டாயமும் இல்லை. இதில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால் ஓ.பி. பதிவுக்கான விவரம் தானாகப் போய்விடும், டோக்கனுக்காக நீண்ட வரிசையில் நிற்கவேண்டாம். "என் உடம்பு விவரமெல்லாம் எங்கேயோ ஒரே இடத்துல போய்ச் சேர்ந்துடுமா?" என்று பலர் கேட்கிறார்கள். பதிவு அது உருவான மருத்துவமனையிலேயே இருக்கும். வேறொரு டாக்டர் பார்க்கவேண்டுமானால் உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வரும். எந்தப் பதிவை, எத்தனை நாளுக்குக் காட்டலாம் என்று நீங்கள் சொல்லவேண்டும். கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறவும் முடியும்.

ஆனால் மருத்துவமனை பதிவேற்றினால்தான் அதில் ஏதாவது தெரியும். தாளில் எழுதும் கிளினிக்குகள் இன்னும் நிறைய இருப்பதால், கேமராவும் கைகொடுக்கவேண்டும். சீட்டை மடிப்பு நீக்கி, வெளிச்சத்தில் வைத்து, தேதியும் டாக்டரின் பதிவு எண்ணும் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். கிளினிக் வாசலிலேயே எடுத்துவிடுங்கள், வீட்டுக்குப் போய் எடுக்கலாம் என்று நினைத்தது எதுவும் எடுக்கப்பட்டதில்லை. வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி வைப்பது மட்டும் போதாது. போன் தொலைந்தால் அதுவும் போகும். டிஜிலாக்கரிலோ மெயிலிலோ ஒரு பிரதி இருக்கட்டும். குடும்ப குரூப்பில் ரிப்போர்ட்டைப் போடும் பழக்கத்தை விட்டுவிடலாம். சித்தப்பாவின் சுகர் அளவு நாற்பது பேருக்குத் தெரியவேண்டிய விஷயமில்லை.

இன்னொன்று, இரண்டு நிமிஷ வேலை. பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் பூட்டைத் திறக்காமலே பார்க்கக்கூடிய 'அவசரத் தகவல்' பகுதி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் பாதுகாப்பு, அவசரநிலை என்ற தலைப்பின் கீழ் தேடுங்கள். ஐபோனில் ஹெல்த் செயலிக்குள் மெடிக்கல் ஐ.டி. என்று இருக்கும். ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, தினசரி மாத்திரைகள், கூப்பிடவேண்டிய ஆளின் எண் ஆகியவற்றை அதில் போடலாம். மருந்து பற்றிச் சந்தேகம் இருந்தால் 104க்கு அழைத்துக் கேட்டுக்கொள்ளலாம்.

பெரியப்பாவின் போனில் நான்தான் இதைப் போட்டுக் கொடுத்தேன். முதல் வரியில் 'ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார்' என்று இருக்கிறது. பெரியம்மாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதையே ஒரு அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்புகிறார். இரண்டும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். போன மாதம் பல் டாக்டர் படிவத்தை நீட்டியபோது, பெரியப்பா எடுத்துக் கொடுத்தது அந்த அட்டையைத்தான்.